ஜேம்ஸ் மூர் தத்துவக்காரரா, கணினிக்காரரா?

தத்துவத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “ஜேம்ஸ் மூர் என்ற அமெரிக்கப் பேராசிரியரைக் கணினி அறவியலின் முன்னோடி என்கிறார்கள். கணினிக்கென்று தனியாக ஓர் அறம் எதற்கு? திருட்டு எங்கே நடந்தாலும் திருட்டுதானே? இதில் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்ய என்ன இருக்கிறது? நான் இதில் முனைவர் பட்டத்துக்குப் போகலாமா?”

கேள்விக்குறிகள் நான்கு இருந்தாலும் உள்ளே இருக்கும் சந்தேகம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இது உண்மையிலேயே தத்துவ வேலையா, அல்லது தத்துவம் படித்தவர்கள் சம்பளத்துக்காக ஒதுங்கிய திண்ணையா என்பதுதான் அது. நியாயமான சந்தேகம். எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தருக்கத்தில் ஆய்வு செய்தவன். பதினேழு ஆண்டுகளாகப் பொறியியல் மாணவர்களுக்குத் தொழில் அறம் நடத்துகிறேன். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு, பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மூரை நேரில் பார்த்ததில்லை. அவர் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். சட்டம் என் துறை அல்ல. எனவே எது சட்டப்படி செல்லும், செல்லாது என்பதற்குள் போகமாட்டேன்.

முதலில் ஆளைப் பற்றி. மூர் 1942இல் பிறந்தார், 2024இல் காலமானார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் அறிவியலின் வரலாறும் தத்துவமும் பயின்று முனைவர் பட்டம் பெற்று, 1972இல் டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்தார். பணிக்காலம் முழுக்க அங்கேதான். ஆள் தற்செயலாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். இடம் சாதாரண இடமல்ல. ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரோடு முதல் ஆய்வுக்கூட்டம் 1956 கோடையில் நடந்தது டார்ட்மத்தில். பேசிக் என்ற கணினி மொழியைக் கணிதப் பேராசிரியர்களான கெமெனியும் கர்ட்ஸும் 1964இல் உருவாக்கியதும் அங்கேதான். கணிதம் படிக்காத மாணவனும் கணினியைத் தொடவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மூர் சேர்ந்தபோது அந்த கெமெனிதான் கல்லூரியின் தலைவர். மற்ற ஊர்களில் கணினி என்றால் குளிரூட்டிய அறைக்குள் வெள்ளைச் சட்டைக்காரர்கள் வைத்திருந்த பொருள். இங்கே வரலாறு படிக்கிற பையனும் முனையத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

அந்தச் சூழலில் மூர் முதலில் எழுதியது அறவியல் அல்ல. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1976இல் டூரிங் சோதனையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். திரைக்குப் பின்னால் இருப்பது மனிதனா எந்திரமா என்று உரையாடிக் கண்டுபிடிக்கும் அந்தச் சோதனையைப் பலர் ‘சிந்தனை’ என்பதற்கான வரையறையாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூர் அதை மறுத்தார். அது வரையறை அல்ல. ஓர் எந்திரம் சிந்திக்கிறதா என்று முடிவுசெய்ய நல்ல சான்று திரட்டும் வழி, அவ்வளவுதான் என்றார். வரையறை வேறு, சான்று வேறு. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் சான்று. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டும் எண் என்று யாரும் சொல்வதில்லை.

1978இல் வந்த இன்னொரு கட்டுரை எனக்கு இன்னும் பிடித்தது. கணினி அறிவியலில் எல்லோரும் நம்பும் மூன்று வேறுபாடுகள் உறுதியானவை அல்ல என்று அதில் காட்டினார். அதில் ஒன்று வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையிலானது. பொருளைப் பார்த்து இது வன்பொருள், இது மென்பொருள் என்று சொல்லிவிட முடியாது. யார் எதை மாற்றமுடியும் என்பதைப் பொறுத்தது அது என்றார். உங்கள் கைப்பேசியின் இயங்குதளம் அதை எழுதியவருக்கு மென்பொருள். உங்களுக்கு? அதன் ஒரு வரியைக்கூட உங்களால் தொடமுடியாது. நடைமுறையில் அது உங்களுக்குக் கண்ணாடித் திரை மாதிரி வன்பொருள்தான். இதை வகுப்பில் சொன்னால் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுகிறார்கள். அறம் என்ற சொல்லே இல்லாத இந்தக் கட்டுரையில்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து இருக்கிறது என்பது என் எண்ணம். மூர் அறவியலுக்குப் போதகராக வரவில்லை. சொற்கள் எங்கே ஏமாற்றுகின்றன என்று பார்க்கும் தருக்கக்காரராக வந்தார். அவர் இணைந்து எழுதிய தருக்கப் பாடநூல் 1980இல் வந்தது. பல பதிப்புகள் கண்டது. கணினி அறவியல் என்ற பெயரையே கேட்டிராத மாணவர்கள்கூட அவர் பெயரை அந்த அட்டையில் பார்த்திருப்பார்கள்.

துறையை அவர்தான் தொடங்கினார் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. நார்பர்ட் வீனர் இரண்டாம் உலகப்போரின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான கணக்கீட்டில் வேலை செய்தவர். தானியங்கி எந்திரங்கள் மனித உழைப்பை என்ன செய்யும் என்று 1948இலும் 1950இலும் வந்த நூல்களிலேயே கவலைப்பட்டுவிட்டார். எலிசா என்ற உரையாடல் நிரலை 1960களில் எழுதிய ஜோசப் வைசன்பாம், மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசுவதைக் கண்டு திடுக்கிட்டு, 1976இல் ஒரு புத்தகமே எழுதினார். ‘கணினி அறவியல்’ என்ற பெயரை 1970களின் நடுவில் புழக்கத்தில் விட்டவர் வால்டர் மேனர். மருத்துவ அறவியல் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் அவர். கணினி நுழைந்ததும் பழைய சிக்கல்கள் புது மாதிரி முறுக்கிக்கொள்வதை வகுப்பறையில் கவனித்தார். ஆக, இந்தத் துறை பிறந்தது ஆய்வகத்தில் அல்ல, பாடம் நடத்தும் அறையில்.

அப்படியென்றால் மூர் செய்தது என்ன? 1985இல் ‘மெட்டாபிலாசபி’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. அந்த ஆய்விதழின் ஆசிரியர் டெரல் பைனம் கணினியும் அறமும் என்ற பொருளில் கட்டுரைப் போட்டி வைத்தார். அதில் வென்றது மூரின் கட்டுரை. பக்கம் பத்தைச் சுற்றித்தான் வரும். தலைப்பே ஒரு கேள்வி: கணினி அறவியல் என்றால் என்ன? உங்கள் கேள்வியைத்தான் அவரும் கேட்டுக்கொண்டார்.

அவர் பதில் இப்படிப் போகிறது. மற்ற எந்திரங்களுக்கு ஒரு வேலை உண்டு. தையல் எந்திரம் தைக்கும், அரவை எந்திரம் அரைக்கும். கணினிக்கு அப்படிக் குறிப்பிட்ட வேலை கிடையாது. உள்ளீடு, வெளியீடு, இடையில் தருக்கச் செயல்கள் என்று விவரிக்க முடிகிற எந்த வேலைக்கும் அதை வளைக்கலாம். களிமண் மாதிரி. அதனால் இதுவரை யாராலும் செய்யமுடியாத காரியங்கள் திடீரென்று செய்யமுடிகிறவை ஆகின்றன. செய்யமுடிகிறது, செய்யலாமா என்பதற்கு வழக்கமோ விதியோ இல்லை. இந்த இடைவெளியைத்தான் அவர் பெயரிட்டார். ஆங்கிலத்தில் அவர் வைத்த பெயரை அப்படியே ‘கொள்கை வெற்றிடம்’ என்று சிலர் தமிழாக்குகிறார்கள். கொள்கை என்றதும் நமக்குக் கட்சி மேடை ஞாபகம் வருவதால் நான் ‘நெறி வெற்றிடம்’ என்கிறேன். அரசு போடும் விதியை மட்டும் அவர் சொல்லவில்லை. ஒரு தனி ஆள் எப்படி நடந்துகொள்வது என்பதும் அதற்குள் அடங்கும்.

இதோடு நின்றிருந்தால் கட்டுரையை இந்நேரம் மறந்திருப்போம். வெற்றிடம் இருந்தால் நிரப்பிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். நிரப்ப முடியாது, ஏனென்றால் எதைப் பற்றி விதி செய்கிறோம் என்பதே தெளிவாக இருக்காது என்றார் மூர். விதி இல்லாததற்கு அடியில் கருத்துக் குழப்பம் கிடக்கிறது. அவர் தந்த எடுத்துக்காட்டு கணினி நிரல். நிரல் ஓர் எண்ணமா, எண்ணத்தின் வெளிப்பாடா, ஒரு செயல்முறையா? எண்ணம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை. வெளிப்பாடு என்றால் கவிதை மாதிரிப் பதிப்புரிமை. செயல்முறை என்றால் காப்புரிமை. எந்த உவமையைப் பிடிக்கிறீர்களோ அதற்கேற்ப விதி மாறும். எந்த உவமை சரி என்பதைச் சட்டப் புத்தகம் மட்டும் சொல்லாது.

இங்கேதான் உங்கள் ‘திருட்டு எங்கே நடந்தாலும் திருட்டுதானே’ வருகிறது. சரிதான், திருட்டு திருட்டுதான். ஆனால் நகல் எடுத்தபிறகும் உடையவரிடம் பொருள் அப்படியே இருந்தால் அது திருட்டா? ‘திருடாதே’ என்ற விதியில் சந்தேகமில்லை. ‘திருட்டு’ என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்பதில்தான் சந்தேகம்.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் ஒரு ப்ராஜெக்டை மாணவர்கள் செய்துகொண்டு வந்தார்கள். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டேன். “சார், முகம் எல்லாருக்கும் தெரியறதுதானே, இதுல என்ன ரகசியம்?” என்றான் ஒருவன். அசட்டுப் பதில் என்று தள்ளிவிட முடியவில்லை. முகம் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைப் போன்றது என்றால் அவன் சொல்வது சரி. கைரேகையைப் போன்றது என்றால் அனுமதி இல்லாமல் எடுத்தது தவறு. நான் தினமும் அவன் முகத்தைப் பார்ப்பதைப் போன்றது என்றாலோ, எனக்கு மறந்துபோகும், எந்திரத்துக்கு மறக்காது என்ற வேறுபாடு குறுக்கே வருகிறது. அன்று ஒரு மணி நேரமும் அதிலேயே போய்விட்டது. பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட முடிக்கவில்லை. என் பதினேழு ஆண்டுகளில் நன்றாக நடந்த நான்கைந்து வகுப்புகளில் அது ஒன்று.

நம் பக்கத்திலேயே இன்னொன்று. 2024இல் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் ஒரு பாட்டில் மீட்டுக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுச் சன்மானமும் தந்ததாக அவரே சொன்னார். வெற்றிடத்தில் ஒரு நெறியை அவராக வகுத்துக்கொண்டார் என்று இதைச் சொல்லலாம், பாராட்டத்தக்க நெறி. ஆனால் அடியில் குழப்பம் அப்படியே இருக்கிறது. குரல் ஒரு சொத்தா? சொத்து என்றால் வாரிசு அனுமதி தரலாம். உடலின் பகுதியா? அப்போது வாரிசின் கையெழுத்து போதுமா? அல்லது நற்பெயரைப் போன்றதா? பாடகர் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டைப் பாட மறுத்திருக்கலாமே என்ற கேள்வியை எந்தக் கணக்கில் எழுதுவது? மூர் 1985இல் நிரலைப் பற்றிக் கேட்டதும் இதுவும் ஒரே அச்சு.

அந்தக் கட்டுரையில் இன்னொரு பகுதி உண்டு. இன்றைக்கு அதுதான் அதிகம் பயன்படும் என்பேன். கணினி செய்யும் வேலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதை அவர் மூன்றாகப் பிரித்தார். ஒன்று, மறைவான முறைகேடு. வட்டிக் கணக்கில் மிஞ்சும் சில்லறையை நிரலாளர் தன் கணக்குக்குத் திருப்பிக்கொள்வது போல. இரண்டாவது, நிரலுக்குள் புதைந்துகிடக்கும் விருப்பு வெறுப்புகள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நடத்திய சேபர் என்ற பயணச்சீட்டுப் பதிவு முறை, தன் விமானங்களுக்குச் சாதகமாக நிரலாக்கப்பட்டிருந்ததை எடுத்துக்காட்டினார். இதனால் நஷ்டப்பட்டோம் என்று பிரானிஃப் நிறுவனம் வழக்கே போட்டது. பயண முகவர் நேர்மையானவர்தான். திரை காட்டுவதைத்தான் அவர் சொல்கிறார்.

இதே வகையில் அவர் சொன்ன இன்னொரு எடுத்துக்காட்டு என்னை விடாமல் துரத்துவது. 1979இல் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் விபத்து நடந்தது. அதை விசாரித்த குழுவுக்குத் தலைவர் டார்ட்மத்தின் அதே கெமெனி. உலையை இயக்கியவர்கள் பயின்ற மாதிரி எந்திரத்தில், ஒரு கோளாறு இன்னொரு கோளாறைக் கிளப்பும் சூழல்கள் இருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் வரும் சூழல் நிரலில் இல்லை. உண்மையில் வந்தது அதுதான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, திருடவில்லை. ‘இப்படி நடக்காது’ என்று யாரோ எங்கோ எடுத்த முடிவு நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது வகை, மனிதனால் சரிபார்க்க முடியாத அளவுக்குப் பெரிய கணக்கு. எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறத்தில் வராதபடி நான்கு நிறங்களில் தீட்டிவிடலாம் என்ற நான்கு நிறத் தேற்றத்தை 1976இல் கணினி உதவியோடு நிறுவினார்கள். ஒருவர் கையால் போட்டுப் பார்த்து ‘சரி’ என்று சொல்லமுடியாத நிறுவல் அது. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகள் எல்லாமே இந்த மூன்றாம் வகைக்குள் வருகின்றன. அவை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதற்கான இடத்தை மூர் ஒதுக்கிவைத்துவிட்டார்.

1985க்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1997இல் அந்தரங்கத்தைப் பற்றி எழுதினார். கணினிக்குள் போன தகவலுக்கு எண்ணெய் தடவினதுபோல் ஆகிவிடும், கை நழுவி எங்கே வேண்டுமானாலும் வழுக்கிப்போகும் என்றது அதில்தான். உயிர், மகிழ்ச்சி, சுதந்திரம், அறிவு, பாதுகாப்பு போன்ற அடிப்படை மதிப்புகள் எல்லாச் சமூகத்துக்கும் வேண்டியவை. அந்தரங்கம் அந்தப் பட்டியலில் இல்லை, பெரிய, கணினிமயமான சமூகத்தில் பாதுகாப்பு என்ற மதிப்பு எடுக்கும் வடிவம் அது என்றார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. என்னைப் பார்த்தவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும், பார்த்தது பார்த்ததுதான் என்ற உறுத்தல் பாதுகாப்புக் கணக்குக்குள் அடங்குவதில்லை. 1999இல் எழுதிய கட்டுரையில் தன் அறக் கோட்பாட்டை விளக்கினார்: விளைவைப் பாருங்கள், ஆனால் நீதியின் எல்லைக்குள் நின்று பாருங்கள். இதில் டார்ட்மத்தில் அவரோடு பணியாற்றிய பெர்னார்ட் கெர்ட்டின் செல்வாக்கு வெளிப்படை. கோட்பாடாக இது பெரிய புதுமை என்று சொல்லமாட்டேன்.

2005இல் ‘மூர் விதி’ என்று ஒன்றை விளையாட்டாகச் சொன்னார்: தொழில்நுட்பப் புரட்சியின் சமூகத் தாக்கம் கூடக்கூட அறச் சிக்கல்களும் கூடும். சில்லுகளைப் பற்றி 1965இல் கணிப்புச் சொன்ன கோர்டன் மூர் வேறு ஆள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம்; தமிழில் அதுவும் இல்லாததால் தேர்வுத்தாளில் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு, 1956 கூட்டத்தின் ஐம்பதாம் ஆண்டு மாநாட்டை டார்ட்மத்தில் முன்னின்று நடத்தினார். பழைய ஆட்களில் மெக்கார்த்தி, மின்ஸ்கி உட்பட ஐந்து பேர் வந்தார்கள். அதே 2006இல் எந்திரங்களின் அறத்தை நான்கு படிகளாகப் பிரித்த கட்டுரையும் வந்தது. கீழ்ப்படியில், தனக்கு அறம் தெரியாவிட்டாலும் அற விளைவு உண்டாக்கும் எந்திரம். கத்தாரில் ஒட்டகப் பந்தயத்துக்குச் சிறுவர்களை உட்காரவைத்த கொடுமைக்குப் பதிலாக ரோபோக்களை உட்காரவைத்ததை இதற்குச் சொன்னார். அடுத்து, தவறு நேராதபடி வடிவமைக்கப்பட்ட பணம் வழங்கும் எந்திரம் போன்றவை. அதற்கு மேலே, அறத்தைக் கணக்கில் கொண்டு முடிவெடுப்பவை. உச்சியில் மனிதர்களைப் போல முழு அறப் பொறுப்பு உடையவை. ‘ஏஐக்கு அறம் உண்டா’ என்று தொலைக்காட்சியில் கத்திக்கொள்கிறவர்கள் எந்தப் படியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி வருவது விவாதத்துக்குரியது. கணினி எழுப்பும் சிக்கல்கள் உண்மையிலேயே புதியவையா? மேனர் ஆம் என்றார். 1985இலேயே கணினி அறவியலுக்குப் பாடநூல் எழுதிய டெபோரா ஜான்சன், இவை பழைய அறச் சிக்கல்களின் புது இனங்கள் என்றார். கணினி எங்கும் பரவியபிறகு இந்தத் துறை தனியாக நிற்காது, சாதாரண அறவியலில் கரைந்துவிடும் என்றும் வாதிட்டார். மூர் இரண்டுக்கும் நடுவில். நான் ஜான்சன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். மின்சார அறவியல் என்று ஒரு துறை இல்லையே.

மூரின் படத்தில் ஒரு பெரிய குறையும் உண்டு. வெற்றிடம் என்கிறார். ஆனால் அந்த இடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. விதி வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் அங்கே கடை போட்டுச் சம்பாதித்துக்கொண்டிருப்பார். கருத்துக் குழப்பம் நீடிப்பது அவருக்கு லாபம். யாருக்கு லாபம் என்ற கேள்வி மூரின் எழுத்தில் மெலிதாகத்தான் ஒலிக்கிறது. குழம்பியிருப்பவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடு குழம்பியிருப்பதாக அவர் எடுத்துக்கொள்கிறார்.

இன்னொன்று, இந்தத் தெளிவுபடுத்தும் வேலையைத் தத்துவக்காரர்கள்தான் செய்யவேண்டும் என்பதும் இல்லை. கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் என்ற அமெரிக்க மென்பொருளை 2016இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவர்களை அது அதிகமாக ‘ஆபத்தானவர்’ என்று குறித்திருந்தது. மென்பொருளைத் தயாரித்த நிறுவனமோ, ஒரே மதிப்பெண் இரு இனத்தாருக்கும் ஒரே அளவு ஆபத்தைத்தான் குறிக்கிறது என்றது. இரண்டும் உண்மை. மறுபடி குற்றம் செய்கிறவர்களின் விகிதம் இரு பிரிவினரிடையே வேறுபட்டால் இந்த இரண்டு வகை நியாயத்தையும் சேர்த்துத் தரவே முடியாது என்று கணிதம் காட்டியது. ‘நியாயம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் ஒளிந்திருந்தன. மூர் சொன்ன கருத்துக் குழப்பத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பிரித்துக் காட்டியவர்களில் பெரும்பாலோர் கணினி அறிவியலாளர்களும் புள்ளியியலாளர்களும்தான். நம் ஆட்களுக்கு இதில் கொஞ்சம் வெட்கம் வரவேண்டும்.

மூரின் பாதை ஒன்றுதான் பாதை என்று நினைத்துவிடாதீர்கள். ஹெலன் நிசன்பாம் என்ற தத்துவ அறிஞர் 1996இலேயே பாட்யா ஃப்ரீட்மனோடு சேர்ந்து கணினி முறைகளில் உள்ள பாரபட்சங்களை வகைப்படுத்தினார். தகவல் எந்தச் சூழலில் தரப்பட்டதோ அந்தச் சூழலின் வழக்கப்படி நகர்கிறதா என்பதே அந்தரங்கத்தின் அளவுகோல் என்று 2004இல் எழுதினார். மருத்துவரிடம் சொன்னது முதலாளியிடம் போனால் உறுத்துவது அதனால்தான். மூரிடம் எனக்கு இருந்த அந்த உறுத்தலுக்கு இவரிடம்தான் பதில் கிடைத்தது. போலித் தேடல்களை அனுப்பி நம் உண்மைத் தேடல்களை மறைக்கும் ஓர் உலாவி நீட்சியையும் 2006இல் உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். லூசியானோ ஃப்ளோரிடி என்ற தத்துவ அறிஞர் நேர்மாறாக, தகவல் என்பதையே அடித்தளமாக வைத்துப் பெரிய தத்துவம் கட்டினார். தன்னைப் பற்றிய பழைய தகவலைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கும் ‘மறக்கப்படும் உரிமை’ குறித்து கூகுள் 2014இல் அமைத்த ஆலோசனைக் குழுவிலும், அதே நிறுவனம் 2019இல் அறிவித்த செயற்கை நுண்ணறிவுக் குழுவிலும் இருந்தார். இரண்டாவது குழு, உறுப்பினர் தேர்வு பற்றிய எதிர்ப்பால் பத்து நாள்கூடத் தாங்காமல் கலைக்கப்பட்டது. நிறுவனம் இழுத்துப்போடும் நாற்காலியை நிறுவனமே எடுத்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2023இல் தன் அறக் குழு ஒன்றை முழுதாக வீட்டுக்கு அனுப்பியதும் செய்தியில் வந்தது.

அதனால் முனைவர் பட்டத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில்: போகலாம், ஆனால் ‘ஏஐ அறவியல்’ என்ற பலகையைப் பார்த்துப் போகாதீர்கள். இந்தியாவில் வேலை பெரும்பாலும் தத்துவத் துறையில் தத்துவ ஆசிரியராகத்தான் கிடைக்கும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்விலும் நியாயம், வைசேஷிகம் என்ற இந்தியத் தத்துவ மரபுகள், கான்ட், தருக்கம் எல்லாம் கேட்பார்கள். ஐஐடிகளின் மானுடப் புலங்கள், சமூக அறிவியல் துறைகளில் இந்த ஆய்வுக்கு இடம் உண்டு. சென்னை ஐஐடியில் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு மையமும் 2023இல் வந்திருக்கிறது. ஒரு நிரல்மொழியை ஓரளவு எழுதத் தெரிந்துகொள்ளுங்கள். நிபுணராக வேண்டாம், பொறியாளர் சொல்வதில் எது கடினம், எது சாக்கு என்று பிரித்தறியும் அளவுக்குப் போதும். வெளிநாட்டு வேலைச் சந்தை பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களிடம் கேட்பதுதான் நல்லது.

தலைப்பு தேர்ந்தெடுக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரு சோதனை உண்டு. தலைப்பிலிருந்து கணினி என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். பொறுப்பு, உடைமை, நம்பிக்கை என்று ஒரு சிக்கலும் மிஞ்சவில்லை என்றால் அது செய்தித்தாள் கட்டுரை. ஒரு மாற்றமும் இல்லாமல் எல்லாமே அப்படியே நின்றால் கணினி அங்கே தோரணம்தான். முகப்பதிவு பற்றிய தலைப்பு இதில் தேறும். ‘சமூக ஊடகமும் இளைஞர் ஒழுக்கமும்’ தேறாது. இந்தத் தலைப்போடு வருடத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள்.

படிக்கும்போது 1985 கட்டுரையிலிருந்து தொடங்காதீர்கள். 1978 கட்டுரையில் வன்பொருள், மென்பொருள் பகுதியை முதலில் படியுங்கள். அதில் அவர் எங்கே தவறு செய்கிறார் என்று ஒரு பக்கம் எழுதிப்பாருங்கள். இரண்டு இடத்திலாவது மறுக்க முடியும் என்பது என் கணக்கு. எழுதும்போது நேரம் போனது தெரியவில்லை என்றால் அடுத்ததாக 1985க்கு வாருங்கள்.